காம்பு கிள்ளிய வெற்றிலை

திரு நிலைக்க. மாரி தவறாது பொழிக. கடல் தன் கரையறிந்து நிற்க.

வேங்கை நாட்டுக்கு உடையவரும், சிப்பித்துறைக்குக் காவலரும், தமக்கையின் சொல்லுக்கு என்றும் மறுசொல் சொல்லாதவருமான நெடுஞ்சேந்தப் பெருமானார் திருமுன்பு, புன்னைக்கானல் நாட்டுப் பேரரசி கயற்கண்ணிப் பெருமாட்டியாரின் ஆணைப்படி, அவர்தம் பேரமைச்சன் கூத்தரையன் தலைதாழ்த்தி விடுக்கும் ஓலை. தேவரீரின் கொற்றம் உயர்க. தேவரீரின் குடியும் கன்றும் கதிரும் பெருகுக.

வழக்கப்படி இவ்விடத்தில் தேவரீரின் யானைகளையும் ஏரிகளையும் அரண்மனைக் குழந்தைகளையும் பெயர் சொல்லி நலம் கேட்க வேண்டும். இந்த ஓலையில் அதற்கு இடமில்லை, பொறுத்தருள்க. நேற்று மாலை எழுதத் தொடங்கியது. இரண்டு ஏடுகள் கிழிந்து, இது மூன்றாவது ஏடு.

செய்தியை முதலில் சொல்லிவிடுவதே முறை. இருபது ஆண்டுக்கு மேலாக நம் துறைமுகக் கோட்டையில் குந்தியிருந்த செந்தீவத்தாரின் படை நேற்று விளக்கு வைப்பதற்குள் கப்பலேறிவிட்டது. யாரும் வாளை உருவவில்லை. ஓர் உயிர்கூடப் போகவில்லை. அவர்களை அனுப்பியது ஒரு தட்டு வெற்றிலை. அந்த வெற்றிலையைக் கைநீட்டி வாங்கி வாயில் போட்டுக்கொண்டவர் தேவரீரின் தமக்கை மகன், பெருமாட்டியாரின் ஒரே பிள்ளை, இளவரசர் ஆழிவேள். இதைப் படித்ததும் தேவரீர் அரியணையிலிருந்து எழுந்துவிடுவீர்கள் என்று இவ்வமைச்சனுக்குத் தெரியும். தயைகூர்ந்து அமர்ந்து, மீதியையும் கேட்டருள்க.

தேவரீர் அறியாதது ஒன்றுமில்லை. ஆயினும் இவ்வோலை தேவரீரின் அவையில் இளையோர் முன்னிலையிலும் வாசிக்கப்படும். ஆகவே பழையதைச் சுருங்கச் சொல்லியாக வேண்டும். நம் நாடுகளைச் செந்தீவத்தார் மூன்று தலைமுறை ஆண்டார்கள். பிறகு நம்மவரின் கிளர்ச்சியில் களைத்துப்போய் முடியைத் திருப்பித் தந்தார்கள். முடியைத் தந்தார்களே ஒழியப் பிடியைத் தரவில்லை. துறைமுகத்து வாயில் கோட்டையும் அதில் ஒரு படையும் அவர்களுடையதாகவே இருக்கும். நம் உப்பும் முத்தும் மிளகும் அவர்களின் பண்டசாலை வழியாகவே விலைபோகும். இதற்கெல்லாம் உறுதியாக, பால்பல் விழாத நம் இளவரசர் செந்தீவத் தலைநகரில் வளர்வார். காலஞ்சென்ற மன்னர் அந்த உடன்படிக்கையில் இலச்சினை வைத்த கையோடு படுக்கையில் விழுந்தவர், பிறகு எழவேயில்லை.

அந்தப் படையை என்னவென்று அழைப்பது என்பதில் அன்று பொழுதெல்லாம் வாதம் நடந்தது. காவற்படை என்றால் யாரிடமிருந்து காவல் என்று நம்மவர் கேட்பார்கள். ஆளும் படை என்றால் முடி தந்ததே பொய்யாகிவிடும். கடைசியில் செந்தீவத்தாரின் மொழிபெயர்ப்பாளர்களே ஒரு சொல்லைக் கண்டுபிடித்துத் தம் கெட்டிக்காரத்தனத்தைத் தாமே மெச்சிக்கொண்டார்கள். விருந்துப் படை என்பது அந்தச் சொல். இந்நாட்டு விருந்து முறை முழுவதும் இப்படைக்குப் பொருந்தும் என்று ஒரு வரியையும் கேட்டு எழுதி வாங்கினார்கள். விருந்து என்றால் சோறும் கோழியும் குடிதண்ணீரும் கேளாமலே வாசல் தேடி வரும் என்பது வரை விசாரித்தவர்கள், அதற்கு மேல் விசாரிக்கவில்லை. இளவரசரும் விருந்தினராகத்தான் போகிறார் என்று அதே ஓலையில் எழுதினார்கள். அங்கே பிணைக்கும் இங்கே படைக்கும் ஒரே சொல் போதுமானதாக இருந்தது.

நம் விருந்து முறைக்கு ஒரு முடிவு உண்டு. வரும் விருந்தினருக்குக் காம்போடு வெற்றிலை. விடைகேட்கும் விருந்தினருக்குக் காம்பு கிள்ளிய வெற்றிலை. அதைக் கையில் வாங்கியவர் அன்று விளக்கு வைக்குமுன் எல்லை கடந்துவிட வேண்டும். வாயில் போட்டுக்கொண்டால் மனமொப்பி விடைபெற்றார் என்று பொருள். விருந்தினர் கேட்காமல் வீட்டார் தாமாகக் காம்பைக் கிள்ளுவதில்லை. கிள்ளினால் அந்த வீட்டுக்குப் பெண் கொடுக்க ஊர் யோசிக்கும். வீட்டுப் பிள்ளைகளுக்கோ எந்த வெற்றிலையும் கிடையாது. வாசலில் நின்று வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவார்கள், வருவார்கள். போகிறேன் என்ற சொல்லை நம் வாசல்களில் யாரும் சொல்வதில்லை. சொல்லக் கேட்டால் பெண்கள் நெஞ்சில் கைவைப்பார்கள்.

விருந்து எப்படி நடந்துகொண்டது என்பதைத் தேவரீரும் பட்டறிந்திருக்கிறீர்கள். நம் கானற்பட்டினத்து உப்பளத்திலிருந்து தேவரீரின் சிப்பித்துறைக்கு மாட்டுவண்டி ஒரு பகலில் வந்துவிடும். ஆனால் நம் உப்பு தேவரீரின் அடுக்களைக்கு வர, முதலில் இரண்டு கடல் தாண்டிச் செந்தீவம் போய், அவர்களின் மூட்டையில் புகுந்து, அவர்களின் கப்பலில் திரும்பி வரவேண்டியிருந்தது. உப்புக்கு இப்படி ஊர் சுற்றிக் காட்டிய அரசு உலகில் வேறெங்கும் இருக்காது. நம்மவர் அதையும் சிரித்துக்கொண்டே பொறுத்தார்கள்.

பொறுக்க முடியாதது சென்ற வாடைக்காலத்தில் நடந்தது. கடற்கொள்ளையர் முத்துக்குளிப்போரின் சிறுகுடிக்குள் புகுந்து கூரைகளுக்குத் தீ வைத்தபோது, கூப்பிடு தூரத்தில் இருந்த கோட்டையின் கதவு சாத்தியே கிடந்தது. சுவரின்மேல் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். பின்னர்ப் பெருமாட்டியார் ஆளனுப்பிக் கேட்டதற்கு, கோட்டைத் தளபதி பரூசன், கொள்ளையர் பண்டசாலைப் பக்கம் வரவில்லை, ஆதலால் தன் படைக்கு அங்கே வேலை இருக்கவில்லை என்று பணிவாகவே மறுமொழி சொல்லியனுப்பினான். சிறுகுடியைச் சேர்ந்த கடலாயி என்ற பெண்ணின் பிள்ளைகள் இருவரும் அன்று மாண்டார்கள்.

பேரவை கூடியது. உடன்படிக்கையைப் புதுப்பிக்கும் நாள் நெருங்கிவிட்டது. இனி அவர்களின் படையும் வேண்டாம், பண்டசாலையும் வேண்டாம் என்று நெசவாளரும் உப்பு விற்கும் உமணரும் பரதவரும் உழவரும் ஒரே குரலில் சொன்னார்கள். எப்படி அனுப்புவது என்பதில்தான் தயங்கினார்கள். சண்டை என்றால் நகரம் எரியும். அப்போது உமணர் தலைவர் எழுந்து, விருந்தென்றுதானே எழுதி வாங்கினார்கள், விருந்தை அனுப்புவதுபோலவே அனுப்பிவிடலாமே என்றார். கேளாத விடையைக் கொடுக்கும் பழியை யார் ஏற்பது என்று ஒருவர் கேட்க, வீட்டுக்கு உடையவளே வெற்றிலை கொடுப்பது முறை, பழி என்னோடு போகட்டும் என்று பெருமாட்டியார் உடன்பட்டார். பரூசனுக்குக் கொடுப்பதாகத்தான் எண்ணம். அவன் முகம் எப்படிப் போகும் என்று நினைத்து இவ்வமைச்சன் உள்ளூர மகிழ்ந்ததையும் மறைப்பதற்கில்லை. உடன்படிக்கையைப் புதுப்பிக்கச் செந்தீவத்திலிருந்து ஒரு புதிய தூதர் வருகிறார் என்று இடையில் செய்தி வந்தது. யாராயினும் வெற்றிலை ஒன்றுதான் என்று இருந்துவிட்டோம்.

நேற்றுக் காலை கப்பல்கள் வந்தன. பரூசனின் வீரர்கள் இருபுறமும் நின்றார்கள். சிவப்பு மேலங்கி அணிந்த ஒருவர் படகிலிருந்து இறங்கினார். செந்தீவத்தாரின் தலைமுடி வைக்கோல் நிறம். இறங்கியவரின் தலையோ நம் கடற்கரைப் பிள்ளைகளின் தலையைப்போல் கறுத்திருந்தது. கூட்டம் முணுமுணுத்தது. அவர் இடத்தோளைச் சற்றே தாழ்த்தி, மணலில் அழுந்த மிதித்து நடந்து வந்தார். வெண்குடையின் கீழ் நின்ற பெருமாட்டியார் குடைக்காலைப் பற்றிக்கொண்டார். இவ்வமைச்சனுக்கு மட்டும் கேட்கும்படி, “கூத்தரே, அவர் நடந்து வருகிறாரே” என்றார். கணவரின் பெயரை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அவர் என்றால் காலஞ்சென்ற மன்னர்தான். தந்தையின் நடையோடு வந்தவர் இளவரசர் ஆழிவேள்தான் என்று இவ்வமைச்சனுக்கும் அப்போதுதான் தெரிந்தது.

வந்தவர் மார்பில் கைவைத்துச் செந்தீவத்து முறையில் வணங்கினார். செந்தீவப் பேரரசரின் தூதனாகவும் இந்நாட்டின் விருந்தினனாகவும் வந்திருப்பதாகத் தம் சாசனத்தை விரித்து வாசித்தார். நம் மொழிதான். ஆனால் சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு, புதிதாக எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்களைப் போல் வாசித்தார். பெருமாட்டியாரைப் பேரரசி என்று விளித்தார். அம்மா என்ற சொல் வரும் என்று பெருமாட்டியார் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வரவில்லை. அவையில் உறவு சொல்லி அழைப்பது செந்தீவத்தில் முறையில்லை என்று பிறகு அவரே விளக்கினார். அப்படியொரு முறையும் உலகில் இருக்கிறது.

சாசனத்தில் இருந்தவை இவை. விருந்துப் படை இரட்டிக்கும். தேவரீரின் சிப்பித்துறையில் பாதியில் நிற்கும் அவர்களின் கோட்டையும் முடிக்கப்படும். நம் நாடுகள் தமக்குள் எதையும் நேரே விற்றுக்கொள்ளலாகாது. இவற்றுக்கு இசைந்தால் இளவரசர் ஆழிவேள் நாட்டுக் காப்பாளராக நியமனம் பெற்று, தம் தாயின் அரண்மனையிலேயே வாழ்நாள் முழுதும் தங்குவார். கடைசி வரியை வாசிக்கும்போது மட்டும் அவர் குரல் இடைவெளி விடவில்லை. அதை அவர் பலமுறை தமக்குள் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். தேவரீர் கவனிக்க: பிணையாகப் பிடித்துப்போன பிள்ளையைத் தூண்டிலில் கோத்து, பெற்றவள் முன்னாலேயே வீசினார்கள். அந்தப் பிள்ளைக்கோ தாம் தூண்டிலில் இருப்பதே தெரியவில்லை.

மறுமொழி பிற்பகல் அவையில் என்று சொல்லி, நண்பகலில் பெருமாட்டியார் அவரை உள்ளே அழைத்துச் சோறிட்டார். காலை முதல் அடுப்படியை விட்டு நகராத பெண்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். அவர் நன்றாகவே உண்டார். இந்த அரண்மனையில் எது நினைவிருக்கிறது என்று பெருமாட்டியார் கேட்க, நெடுநேரம் யோசித்து, மாமனின் தோளில் உட்கார்ந்து கப்பல் பார்த்தது மட்டும் நினைவிருக்கிறது என்றார். மாமனின் குடுமியைப் பிடித்துக்கொண்டிருந்ததாகவும், மாமன் வலிக்கிறது என்று கத்தியதாகவும் சொல்லிச் சிரித்தார். சிரித்தபோது அவர் வேற்றுநாட்டாராகவே தெரியவில்லை. இங்கேயே இருந்துவிடலாம் என்று ஆசையாக இருக்கிறது, இசைந்துவிடுங்கள் என்று மெல்லக் கேட்டுக்கொண்டார். பிறகு எழுந்து கைகழுவி, வாசலில் நின்று, “போகிறேன்” என்றார்.

பரிமாறிய பெண்கள் நெஞ்சில் கைவைத்தார்கள். ஒருத்தி அழுதேவிட்டாள். என்ன பிழை செய்தோம் என்று தெரியாமல் அவர் திகைத்து, மறுபடியும் அதையே, இன்னும் தெளிவாக, சொல்லிவிட்டுப் போனார்.

இவ்வமைச்சன் பெருமாட்டியாரிடம் இரண்டு சொன்னான். அவையை ஒத்திப்போடலாம், இல்லையேல், இளவரசருக்கு முன்கூட்டியே விளக்கிவிடலாம். பெருமாட்டியார் இரண்டையும் ஏற்கவில்லை. ஒத்திப்போட்டால் தம் மனம் இளகிவிடும் என்றார். விளக்குவதைப் பற்றிப் பேசியபோது அவர் முகத்தில் ஒரு நம்பிக்கை ஓடி மறைந்தது. “காம்பு கிள்ளியது எந்தப் பிள்ளைக்குத் தெரியாது, கூத்தரே? பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொள்வான்” என்றார். அவர் கட்டிக்கொள்வாரோ என்று நாட்டரசி அஞ்சினாரா, கட்டிக்கொள்ள வேண்டும் என்று தாய் வேண்டினாரா என்பது இவ்வமைச்சனுக்குப் பிடிபடவில்லை. பேரவைக்குச் சொன்ன சொல்லும் பெற்ற பிள்ளையும் தராசின் இரு தட்டிலும் நின்றன. அவை கூடும் வரை அவர் அடைத்த அறையில் தனியே உட்கார்ந்திருந்தார்.

பிற்பகல் அவை நிரம்பி வழிந்தது. தட்டில் வெற்றிலை வந்தது. பெருமாட்டியார் எல்லார் கண்ணிலும் படும்படி ஒவ்வொன்றாக எடுத்துக் காம்பைக் கிள்ளினார். கிள்ளிய காம்புகளைத் தரையில் போடவில்லை, முந்தானையில் முடிந்துகொண்டார். அப்போது பரதவர் வரிசையிலிருந்து கடலாயி எழுந்து முன்னே வந்தாள். காவலர் தடுக்கவில்லை. அவள் தட்டுக்குக் கைநீட்டி, “தாயி, ஒங்க கையால வேண்டாம். எங்கிட்டத் தாங்க, நான் குடுக்கேன். பழி பாவம்னு எனக்கு இனி என்ன இருக்கு” என்றாள்.

அவையில் ஆண்கள் பலர் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்கள். பெருமாட்டியார் அவள் கையைப் பிடித்து ஓரமாக நிறுத்திவிட்டு, தாமே தட்டை ஏந்தி, தூதரின் முன் போய் நின்று நீட்டினார்.

தேவரீரே, இதற்குப் பிறகு நடந்ததை இவ்வமைச்சன் எழுதுகிறான். ஆனால் இன்னும் முழுதாக நம்ப முடியவில்லை. பரூசன் நம் ஊரில் தலை நரைத்தவன். நம் திருமணங்களில் உண்டவன், நம் சாவுகளில் நின்றவன். தட்டைப் பார்த்ததும் அவன் முகம் வெளிறிப்போனது. பாய்ந்து வந்து இளவரசரின் முழங்கையைப் பிடிக்கப் பார்த்தான். அதற்குள் நம் இளவரசர் முகமெல்லாம் மலர்ச்சியாக வெற்றிலையை இரு கையாலும் வாங்கி, மடித்து வாயில் போட்டுக்கொண்டு, சிறுவயதில் தின்ற இந்த ருசியைத்தான் இத்தனை ஆண்டும் தேடிக்கொண்டிருந்தேன் என்று அவை முழுதும் கேட்கச் சொன்னார். தம்மை வரவேற்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். அன்னியனுக்குத் தெரிந்தது நம் பிள்ளைக்குத் தெரியவில்லை. ஆயிரம் பேர் கூடிய அவையில் அவர் மெல்லும் ஓசை மட்டும் கேட்டது.

பெருமாட்டியார் அசையாமல் நின்றார். வெறுந்தட்டு கையில் அப்படியே இருந்தது. விளக்கிச் சொல்லும் வேலை இவ்வமைச்சனின் தலையில் விழுந்தது. காம்பில்லாத வெற்றிலையின் பொருளையும், விருந்துப் படை என்று எழுதிய வரியையும், அந்த வரியை யார் கேட்டு வாங்கினார்கள் என்பதையும் அவைமுறைப்படி எடுத்துரைத்தான். இளவரசர் மெல்லுவதை நிறுத்திவிட்டார். துப்பவும் இல்லை, விழுங்கவும் இல்லை. கன்னத்தில் அதை ஒதுக்கிக்கொண்டு, தாயைப் பார்த்து, “நான் விருந்தாளியா?” என்று கேட்டார்.

“உன் ஓலையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது” என்றார் பெருமாட்டியார். நேற்று முழுவதும் அவர் மகனிடம் ஒருமையில் பேசியது அந்த ஒரு முறைதான்.

பரூசன் கோட்டைக்கு ஓடிக் கதவைச் சாத்தினான். ஆனால் அவர்கள் செய்த பெரிய பிழை அப்போதுதான் அவர்களுக்கே உறைத்தது. விருந்துக்குத் தண்ணீர் சுமப்பது வீட்டார் கடமை என்பதால், இத்தனை ஆண்டில் கோட்டைக்குள் அவர்கள் ஒரு கிணறு தோண்டவில்லை. நாள்தோறும் இருவேளை நம் பெண்கள் குடம் சுமந்தார்கள். வெற்றிலை வாயில் விழுந்த செய்தி பரவியதும், கோட்டை வழியில் இருந்த குடங்கள் அப்படியே திரும்பிவிட்டன. கோட்டைச் சேவகத்தில் இருந்த நம் இளைஞர்கள் வேல்களைச் சுவரில் சாய்த்துவிட்டு, கிணற்றடிக்குப் போகிறவர்களைப் போல் சாதாரணமாக வெளியே நடந்து வந்தார்கள். அவர்களை யாரும் தடுக்கவில்லை. தடுக்க ஆளும் போதவில்லை. வெயில் சாய்வதற்குள் பரூசன் கதவைத் திறந்தான். நாம் அஞ்சிய போர் இவ்வளவுதானா என்று நினைத்தபோது, இவ்வமைச்சனுக்கு மகிழ்ச்சி வரவில்லை. இத்தனை காலம் ஏன் சுமந்தோம் என்ற திகைப்புதான் வந்தது.

துறையில் படகு காத்திருந்தது. பெருமாட்டியார் படித்துறை வரை நடந்தே வந்தார். இளவரசர் படகில் கால் வைத்துவிட்டுத் திரும்பினார். மேலங்கி தோளிலிருந்து நழுவியிருந்தது. உதடு வெற்றிலையால் சிவந்திருந்தது. நண்பகலில் அந்த வாசலில் பெண்கள் ஏன் நெஞ்சில் கைவைத்தார்கள் என்று அவர் யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொண்டாரா, அல்லது தானாக வாயில் வந்ததா, இவ்வமைச்சன் அறியான். அவர் தாயின் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு சொல் சொன்னார்.

“வருகிறேன்.”

படகு நகர்ந்துவிட்டது.

அந்தச் சொல்தான் இப்போது அரண்மனையைக் குடைகிறது. நம் படைத்தலைவர் அதை மிரட்டல் என்கிறார். அவமானப்பட்ட தூதன் கப்பற்படையோடு திரும்புவான், மதிலைப் பலப்படுத்த வேண்டும் என்கிறார். அடுப்படிப் பெண்கள் அதைப் பிள்ளை விடைபெற்ற சொல் என்கிறார்கள். வீட்டுப் பிள்ளைதான் அப்படிச் சொல்லும் என்று அடித்துப் பேசுகிறார்கள். பெருமாட்டியார் இவ்வமைச்சனை அழைத்து, உம் காதில் எப்படி விழுந்தது என்று கேட்டார். மனதில் பட்டதைச் சொல்வதானால், அந்தக் குரலில் கோபமும் இருந்தது, ஆசையும் இருந்தது.

இன்று காலை கோட்டைக்குள் நுழைந்து பார்த்தோம். கடலிலிருந்து வரும் பகைவரை நம்மிடம் அண்டவிடாமல் காக்க வைத்திருப்பதாக அவர்கள் சொல்லிவந்த கல்லெறி பொறிகள் மேல்தளத்தில் நின்றன. ஒன்றுகூடக் கடலைப் பார்க்கவில்லை. எல்லாம் நகரத்தைப் பார்த்தே நின்றன. சக்கரங்களின் கீழே பாசி பிடித்திருந்தது, அவை என்றைக்குமே திருப்பப்பட்டதில்லை. நடுவில் நின்ற பெரிய பொறியின் நேர்க்கோட்டில் நின்று பார்த்த இவ்வமைச்சனுக்குத் தெரிந்தது பெருமாட்டியாரின் பள்ளியறைச் சாளரம். காலஞ்சென்ற மன்னர் உயிர் விட்ட அறையும் அதுவே. அருகில் நின்ற கடலாயி அந்தப் பொறியைத் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கிப் போனாள்.

இனி ஆணை. கப்பல்கள் செந்தீவம் திரும்பவில்லை. காற்று அவற்றைத் தேவரீரின் சிப்பித்துறைக்குக் கொண்டுவருகிறது. இவ்வோலை முந்திவரும் என்று நம்புகிறோம். தமக்கை மறுத்ததைத் தாய்மாமன் மறுக்கமாட்டார், தோளில் சுமந்த பிள்ளையைத் திருப்பி அனுப்பமாட்டார் என்று பரூசன் எண்ணியிருப்பான். ஆகவே தேவரீர் செய்யவேண்டியது: ஆழிவேள் சாசனத்தோடும் படையோடும் இறங்குவாராயின், அவர் தேவரீரின் விருந்தினர். தேவரீரின் தேவியார் கையால் காம்பு கிள்ளிய வெற்றிலை கொடுக்கப்படுக. பாதியில் நிற்கும் கோட்டைக்கு ஒரு குடம் தண்ணீரும் போகாதிருக்க. மறுநாளே நம் உப்புவண்டிகள் நேர்வழியில் தேவரீரின் நாட்டுக்குப் புறப்படும். யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அவர் தனியாக, அந்தச் சிவப்பு மேலங்கியும் ஓலையுமின்றி வருவாராயின், வெற்றிலைத் தட்டையே வெளியில் எடுக்கலாகாது, காம்போடும் வேண்டாம், காம்பின்றியும் வேண்டாம். அடுப்படியில் உட்காரவைத்துச் சோறு போடுக. இத்தனை நாள் எங்கே போனாய் என்று தேவரீரே திட்டுக. அவர் தேவரீரின் குடுமியைப் பற்றி இழுத்தால் வலிக்கிறது என்று கத்துக.

இவ்வோலையை வாசித்தபின் நெருப்பிலிடலாகாது. அவையில் மும்முறை வாசித்து, கருவூலத்தில் வைக்காமல் அடுப்படியில் தொங்கவிடுக என்பதும் ஆணை. செந்தீவத்துச் சாசனங்கள் கருவூலத்தில் இருந்தவை. இவ்வளவும் நேர்ந்தது அவற்றால்தான். திசை நான்கும் அறிக. நெல் விளையும் வரை, உப்பு உறையும் வரை இவ்வாணை நிற்க.

கூத்தரையன் எழுத்து.

ஓலையைச் சுருட்டக் கொடுத்தபோது பெருமாட்டியார் எழுத்தாணியை வாங்கி, அடியில் தம் கையாலேயே எழுதிய வரி இது:

தம்பி, வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனான். படையோடு வந்தால் நீயும் கிள்ளு. கிள்ளிய காம்பை எறிந்துவிடாதே, எனக்கு அனுப்பு.

இதன்கீழ்ப் புன்னைமலர் இலச்சினை.